தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம்

காரை நிறுத்தி எவ்வளவு நேரமாயிற்று என்று வடிவு கேட்கவில்லை. கேட்டால் புருஷன் கடிகாரத்தைப் பார்ப்பார், பார்த்தால் பதறுவார், பதறினால் சாவியைத் திருகிவிடுவார். மடியிலிருந்த துணிப்பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைப்பர் இரண்டு தடவை ஒழுங்காகத் துடைத்தது, மூன்றாம் தடவை கீச்சென்று இழுத்தது, மறுபடி இரண்டு தடவை ஒழுங்கு. அந்தக் கீச்சுக்கு அவளுக்குப் பல் கூசியது. துடைத்த மறுகணம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சாலை நேரே இறங்கிப்போய்த் தண்ணீருக்குள் நுழைந்தது. அந்தப் பக்கம், ஒரு புளியமரத்தடியில், ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி ஏறிப் போயிற்று. நடுவில் தரைப்பாலம் இருக்க வேண்டும். இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மழை பெய்யாத நாளில் ஆடு கடக்கும், சைக்கிள் கடக்கும், கீழே சின்ன வாய்க்காலில் பெண்கள் துணி துவைப்பார்கள். இன்று டீயில் பால் குறைந்த நிறத்தில் ஒரு ஆறு அதன் மேல் போய்க்கொண்டிருந்தது. புளியமரத்துக்கு அப்பால் மேலப்புதுக்குளம். அங்கே ஒரு வீட்டுக்குள் அவருடைய அக்கா பிரம்மநாயகி படுத்திருக்கிறாள். இனி எழுந்திருக்க மாட்டாள். விடியக்காலம் போன் வந்ததிலிருந்து வடிவு இதைத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள், மனம் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது. மதினி செத்துப்போய்விட்டாள் என்று நினைக்கத் தொடங்குவாள், நினைப்பு பாதி வழியில் முழங்கால் வலிக்குப் போய்விடும், அங்கிருந்து அடிவயிற்றுக்குப் போய்விடும். காலையில் ஒரு வாய் வரக்காப்பி குடித்ததுதான். அதற்கே ஒன்றுக்குப் போக வேண்டும் என்று முட்டிக்கொண்டிருந்தது. இறங்கலாம் என்றால் சுற்றிலும் ஆம்பளைகள்.

ஆம்பளைகள் என்றால் எட்டுப் பத்துப் பேர். வெள்ளம் பார்க்க வந்தவர்கள். ஒருவர் தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார், ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார், ஒருவர் குடை வைத்திருந்தார். வெள்ளத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும் எல்லா ஊர் ஆம்பளைகளுக்கும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது, அடுத்தவன் வண்டி விஷயத்தில். யாரோ உடைமரத்து முள்ளை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். அதை யாரோ ஓரமாக இழுத்தும் போட்டிருந்தார்கள். போட்டவனும் இந்தக் கூட்டத்தில்தான் நிற்பான், இழுத்தவனும் இந்தக் கூட்டத்தில்தான் நிற்பான் என்று வடிவு நினைத்தாள். குடைக்காரர் புருஷன் பக்கத்துக் கண்ணாடி அருகே குனிந்தே நின்றார். "ஒண்ணுஞ் செய்யாது அண்ணாச்சி. நேரா நடுவாப்புல விட்டிரணும். பாதியில நின்னு யோசிச்சாதான் வம்பு. இப்பதான டிராக்டர் போச்சு." இந்த 'இப்பதான'வை அவர் வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். டிராக்டர் போனதை வடிவு பார்க்கவில்லை. டிராக்டர் சக்கரம் ஆள் உயரம் இருக்கும். இது நாலு மாதத்துக்கு முன் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய கார், பூனைக்குட்டி மாதிரித் தரையோடு படுத்துக் கிடப்பது. ஆவுடைநாயகம், அவள் புருஷன், பணிமூப்பு அடைந்த கையோடு அதை வாங்கி, துடைத்துத் துடைத்து, போன மாதம் வரைக்கும் ஒரே பாட்டு: அக்காவ முன் சீட்டுல உக்கார வச்சுத் திருச்செந்தூர் கூட்டிட்டுப் போவணும், கடக்கரையில எறக்கி விடணும். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் பாட்டரி போயிற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மாவே போகவில்லை. அக்கா போனில் சிரித்தாளாம், ஏன்டே, ஒங் காரு மெதுவாவே வரட்டும், நான் எங்க ஓடிப்போவப் போறேன் என்று. அந்தச் சிரிப்பு இன்று காலையிலிருந்து அவர் காதுக்குள் இருக்கிறது என்பது அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது. பாவம் என்று இருந்தது அவளுக்கு. பயமாகவும் இருந்தது. பாவமும் பயமும் சேர்ந்து வந்தால் மனுஷிக்கு வாய் அடைத்துப் போகிறது.

சுற்றி வரும் சாலையில் ஒரு குளம் உடைந்துவிட்டது, அங்கே கழுத்தளவு. ஆக இதுதான் வழி, இல்லையென்றால் வழியே இல்லை. வழியில்லை என்றால் வீட்டுக்குத் திரும்புவதுதானே. ஊரில் எத்தனை சாவுக்கு எத்தனை பேர் வர முடியாமல் போகிறது, துபாயில் இருக்கிறவன் போனிலேயே மொகம் பாத்துக்கிடுதான். ஆனால் மடியில் பை இருந்தது. பைக்குள் பிறந்த வீட்டுக் கோடி இருந்தது. பெண் எந்த வயதில் செத்தாலும், எத்தனை பேரன் பேத்தி எடுத்திருந்தாலும், குளிப்பாட்டி முடித்ததும் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வந்து அவள் மேல் விழ வேண்டும். அது விழாமல் தூக்க மாட்டார்கள். பிரம்மநாயகிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது ஆவுடைநாயகம் ஒருத்தர்தான். வீடு என்றுகூட இல்லை, பாளையங்கோட்டையில் இரண்டாவது மாடியில் ஒரு பிளாட். அதுதான் இப்போது பிறந்த வீடு. மஞ்சக் குங்குமத்தோட போற மகராசி, கோடியில்லாமப் போவலாமா என்று அங்கே எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வாசலில் தண்ணீர். கரண்ட் நேற்றே போய்விட்டது, ஐஸ் பெட்டி வெறும் கண்ணாடிப் பெட்டி. சாயந்தரத்துக்குள் எடுத்தாக வேண்டும். மதினியின் மகள் லோசனி இரண்டு தடவை பேசிவிட்டாள். இரண்டு தடவையும் அந்தப் பிள்ளை 'வாங்க' என்று சொல்லவில்லை, 'எங்க வருதீங்க மாமா' என்று மட்டும் கேட்டது. அதுதான் இவரை அரித்தது.

மகள் காந்திமதி பெங்களூரிலிருந்து கூப்பிட்டபோது அவர் இறங்கித் தண்ணீர் ஓரம் போயிருந்தார். "அம்மா, அப்பா கிட்டக் குடு." அவர் இல்லை என்றாள். "அப்ப நீ கேளு. முழங்கால் தண்ணி போதும்மா கார் மெதக்க. மேல பாத்தா ரோடு இருக்க மாதிரி இருக்கும், அடியில அரிச்சிட்டுப் போயிருக்கும். நீ பெல்ட்டக் கழட்டி வையி. கண்ணாடிய எறக்கி வையி. தண்ணி உள்ள ஏறிட்டுன்னா சுவிட்ச் வேல செய்யாது, கதவும் தெறக்க வராது. கேக்குதா? அம்மா?" கேட்டது. மகள் எங்கோ ஒரு எட்டாவது மாடியில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, தாய் தண்ணீருக்குள் மூழ்கினால் எப்படி வெளியே வர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறாள். வடிவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இவளைப் பெறும்போது மதினிதான் கூட இருந்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயை விரித்து. சரிம்மா என்று சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த பிறகு பெல்ட்டைக் கழற்றினாள். இரகசியமாகத்தான் கழற்றினாள், ஆனால் அந்தக் கார் நல்ல கார், ணிங் ணிங் என்று ஊருக்கே சொல்லிற்று. அவர் வந்து உட்கார்ந்தார். "பெல்ட்டப் போடு." போட்டாள். கண்ணாடியை இறக்கினாள். சாரல் அடித்து அவள் தோள் நனைந்தது, சீட் நனைந்தது. "எதுக்கு எறக்குத? சீட்டு நனையுது பாரு." மூச்சு முட்டுது என்றாள். பொய்யில்லை. மெல்ல மறுபடி பெல்ட்டைக் கழற்றி, மணியடிக்காமல் இருக்க அந்தக் கொக்கியை அதன் இடத்திலேயே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியது இந்த விதமாகத்தான். அவர் சொன்னதைச் செய்தாகவும் இருக்க வேண்டும், செய்யாததாகவும் இருக்க வேண்டும், ஒரு கை எப்போதும் எதையாவது அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை வலித்தது.

அப்போதுதான் அந்த வாழை வந்தது. யார் தோட்டத்திலோ பிடுங்கி வந்த முழு மரம், குலையோடு. மிதந்து மிதந்து வந்து தரைப்பாலத்து மேலே ஏறிற்று, நடுவாப்புல வந்தது, குடைக்காரர் விடச் சொன்ன அதே நடுவாப்புல. அங்கே தலைகுப்புறக் கவிழ்ந்து உள்ளே போயிற்று. வடிவு காத்திருந்தாள். வைப்பர் கீச்சென்றது. இரண்டு தடவை ஒழுங்காகத் துடைத்தது, மறுபடி கீச்சென்றது. மரம் அந்தப் பக்கத்தில் வெகு தூரம் தள்ளி, குலை பிய்ந்து, மொட்டையாக மேலே வந்தது. பாலம் இருக்கிற இடத்தில் மரம் எப்படி உள்ளே போகும்? ரோடு இருந்தால் ரோட்டில் தட்டி உருண்டல்லவா போகும்? ஏங்க என்றாள். அவர் குடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஏங்க, அந்த வாழ மரம் என்றாள். "ஆமா, அவ்வளவும் போச்சு, பாவம்" என்று யாரோ சம்சாரியின் நஷ்டத்துக்கு வருத்தப்பட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பொம்பளை சொல்லும் கணக்கு வேறு, டிராக்டர் போன கணக்கு வேறு. பாலத்து ஓரத்தில் வெள்ளையும் கறுப்பும் அடித்த குத்துக்கல் வரிசையில் ஒரே ஒரு கல் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அது இருக்கும் வரைக்கும் ரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டாள். பிறகு அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே பையைத் திறந்தாள். மஞ்சள் தடவவில்லையே என்று நினைவு வந்திருந்தது. புதுத் துணி யாருக்குக் கொடுத்தாலும் முனையில் ஒரு சொட்டு மஞ்சள் வைத்துத்தான் கொடுப்பது வழக்கம், சாவுக்கு என்றாலும் அவள் சுமங்கலி. கிளம்பின அவசரத்தில் மஞ்சளைத் தாளில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள், தடவ மறந்துவிட்டாள். வழியில் ஜவுளிக்கடை ஒன்று திறந்திருக்கும் என்றார், ஒன்றும் திறக்கவில்லை, கடைக்குள் தண்ணீர். நல்லவேளை, கிளம்பும்போதே, எதற்கும் இருக்கட்டும் என்று, கரண்ட் இல்லாத வீட்டில் போன் வெளிச்சத்தில் பீரோவின் மேல் தட்டைத் துழாவி, மடிப்புக் கலையாத சேலை ஒன்றை உருவி வைத்துக்கொண்டாள். அரக்கு நிறம், கடுகு நிறக் கரை. நாலு மாதமோ நாலு வருஷமோ, உடுத்தாதது என்று மட்டும் கைக்குத் தெரிந்தது. இப்போது மழை வெளிச்சத்தில் முந்தி முனையைத் தேடி எடுத்தாள். முனையில் ஏற்கெனவே மஞ்சள் இருந்தது.

ஒரு விரல் அகலத்துக்கு, காய்ந்து, கொஞ்சம் பழுப்பேறி. பெருவிரல் ரேகைகூடத் தெரிகிற மாதிரி இருந்தது. தெரிந்ததோ இல்லையோ, அவளுக்குத் தெரிந்தது. லோசனி மகளுக்குக் காது குத்தின அன்றைக்கு, மேலப்புதுக்குளத்து அடுக்களையில், மதினி மஞ்சள் கிண்ணத்தில் பெருவிரலை முக்கி இந்த முனையில் வைத்து, இந்தா வடிவு, எல்லாத்துக்கும் எடுத்தேன், ஒனக்கு மட்டும் நானே கடைக்குப் போயி எடுத்தேன் என்றாள். வடிவு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் தோளில் போட்டுப் பார்த்தாள். அரக்கு அவளுக்கு எடுக்காது. மாநிறத்தையும் கறுப்பாகக் காட்டும். மடித்து மேல் தட்டில் வைத்தாள். அதற்கப்புறம் மதினி போன் பேசும் போதெல்லாம், சேலைய உடுத்தினியா என்பாள், உடுத்தினேன் மதினி, கோயிலுக்கு உடுத்திட்டுப் போனேன், எல்லாரும் நல்லாருக்குன்னாங்க என்று இவள் கூசாமல் சொல்வாள். அதற்கு மதினி, எனக்குத் தெரியும், ஒனக்கு அது எடுக்கும் என்பாள். எவ்வளவு சந்தோஷமாகச் சொல்வாள். அந்தச் சேலை. அவளே எடுத்துக் கொடுத்த சேலையை அவளுக்கே பிறந்த வீட்டுக் கோடி என்று கொண்டுபோகிறோம். அவள் வைத்த மஞ்சளோடு. லோசனி பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவாள், கடைக்கு அவளும்தானே போயிருப்பாள். அந்த வீட்டில் இருபது பொம்பளைகள் உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்திக்குத் தெரிந்தால் போதும். வடிவுக்கு முகமெல்லாம் குப்பென்று சூடேறியது. வெட்கமா, அழுகையா, சர்க்கரை இறங்குகிறதா என்று தெரியவில்லை. பர்சில் மிட்டாய் ஒன்று கிடந்தது. பொணம் எடுக்கிறவரைக்கும் பச்சத் தண்ணி பல்லில் படக் கூடாது என்று ஒரு மனம் சொல்லிற்று, மயங்கி விழுந்தால் இவர் என்ன செய்வார் என்று இன்னொரு மனம் சொல்லிற்று, இன்னொரு மனத்தின் பேச்சைக் கேட்டு முகத்தைத் திருப்பி வாயில் போட்டுக்கொண்டாள். எலுமிச்சை மிட்டாய். சவம், இனித்தது.

சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன செய்வார்? ஒரு சேலைகூட ஒழுங்கா எடுத்து வைக்கத் துப்பில்லையா என்று குதிப்பார், அது போகட்டும், குதித்துக் குதித்துப் பழகிய காதுதான். எந்தச் சேலையா இருந்தா என்ன, போட்டாச் சரி என்று சாவியைத் திருகினால்? இல்லை, அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. ஒன்றுமே சொல்லாமல் உட்கார்ந்துவிட்டால்? அக்காவுக்குக் கடைசியாகச் செய்ய இருந்தது ஒன்று, அதையும் இவள் கெடுத்துவிட்டாள் என்று ஆயுசுக்கும் மனசுக்குள் வைத்துக்கொண்டால்? சொல்ல வேண்டாம். தண்ணீர் வடிந்துவிடும். யாராவது போலீஸ்காரர் வந்து போகாதே என்று விரட்டிவிடுவார். மழை நின்றுவிடும். ஏதாவது ஒன்று தானாக நடக்கும், தான் வாயைத் திறக்க வேண்டாம். அவள் வாழ்க்கையில் பாதிச் சங்கதி அப்படித்தான் தீர்ந்தது. மீதிப் பாதி தீரவே இல்லை. முழங்கால் வலித்தது. அடிவயிறு கல்லாக இருந்தது. குத்துக்கல் நின்றுகொண்டிருந்தது.

போன் அடித்தது. அவர் சத்தமாக வைத்தார். லோசனியின் குரலுக்குப் பின்னால் பொம்பளைகளின் அழுகை கேட்டது, ஓய்ந்துபோன அழுகை, காலையிலிருந்து அழுதவர்கள் அழுவது. "மாமா, குளிப்பாட்டியாச்சு. அப்பா கேக்கச் சொன்னாங்க. சுடுகாட்டுப் பக்கமும் தண்ணி வருதாம், இனும தாமசிக்க முடியாதுன்னு சொல்லுதாங்க. நீங்க எங்க நிக்கீங்க?"

"இந்தா, பாலத்துக்கு இந்தப் பக்கந்தான் தாயி. வந்துட்டேன். இந்தா, வந்துட்டேன்."

"தண்ணி எப்பிடி மாமா இருக்கு?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். வடிவு அவரைப் பார்த்தாள். "அப்பிடி ஒண்ணும் இல்ல," என்றார். "கொஞ்சம் போவுது. டிராக்டர்லாம் போவுது."

அந்தப் பிள்ளை, "சரி மாமா, சார்ஜ் இல்ல, வச்சிருதேன், பாத்து வாங்க" என்றது. பாத்து வாங்க என்று சொல்லிவிட்டது. இத்தனை நேரம் சொல்லாமல் இருந்த 'வாங்க' வந்துவிட்டது. அவ்வளவுதான், அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கர்ச்சீப்பால் ஸ்டியரிங்கைத் துடைத்தார். முப்பத்தைந்து வருஷமாக அவர் ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்று அவளுக்குத் தெரியும், எதையாவது துடைப்பார். குடைக்காரர் விலகி நின்று, போக்குவரத்துப் போலீஸ் மாதிரிக் கையைக் காட்டினார். "அப்பிடித்தான், அப்பிடித்தான், மொதக் கியர்லயே போங்க, அமுக்குன கால எடுக்கப்படாது." போன்காரன் போனை இவர்கள் பக்கம் திருப்பினான். கார் இறங்கிற்று.

வேண்டாங்க என்று அவள் சொன்னதாக ஞாபகம். சொன்னாளா, நினைத்தாளா? முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டதும் ஒரு சத்தம், வாணலியில் தாளிப்பது மாதிரி, பிறகு சத்தம் அடங்கி அடியில் குளுகுளுவென்று எதுவோ உரசுகிறது. சாலை தெரியவில்லை. முன்னால் எல்லாம் ஓடுகிறது. எல்லாம் இடமிருந்து வலமாக ஓடும்போது தாங்கள்தான் வலமிருந்து இடமாக வழுக்குகிறோமோ என்று தலை சுற்றுகிறது. ஆகாயத்தாமரை ஒரு கொத்து வந்து முகப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் உதடு அசைகிறது, முருகா என்கிறாரா அக்கா என்கிறாரா தெரியவில்லை. மதினி இதை எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டிருந்தால் என்ன சொல்வாள், ஏன்டே, காரு காட்டுததுக்கு இன்னைக்கிதான் ஒனக்கு நாள் கெடச்சுதா என்பாள். செருப்புக்குள் சில்லென்றது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, அழுக்காக, ஒரு புளியம்பழத் தோலை இழுத்துக்கொண்டு. பெல்ட் கொக்கியை அழுத்திப் பிடித்திருந்த அவள் கை விட்டுப்போயிற்று. ணிங் ணிங் என்று வண்டி கத்தத் தொடங்கிற்று. "பெல்ட்டப் போடுட்டி!" என்று கத்தினார். அவர் குரல் அழுகிற குரலாக இருந்தது. பயந்தது அவள் மட்டுமில்லை, அவரும் அரண்டுபோய்த்தான் இருக்கிறார், அவரை யாராவது தடுக்க மாட்டார்களா என்று அவரும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார் என்று அந்த ஒரு சத்தத்தில் அவளுக்கு விளங்கிற்று.

"இது மதினி எடுத்துக் குடுத்த சேல," என்றாள்.

"என்னது?"

"கோடின்னு நான் எடுத்திட்டு வந்தது. மதினி எனக்கு எடுத்துத் தந்த சேல. காது குத்துக்கு. இருட்டுல தெரியாம எடுத்திட்டேன். இந்தா பாருங்க, மஞ்சகூட அவுஹ வச்ச மஞ்ச." பையிலிருந்து உருவி முனையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அவுஹ சேலய அவுஹளுக்கே போடுததுக்காங்க நாம தண்ணிக்குள்ள போறோம்?"

அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. நின்ற இடத்திலேயே பின்பக்கம் இலேசாக நகர்ந்தது, யாரோ தோளைத் தொட்டுத் தள்ளினாற்போல. குடைக்காரர், நிக்காதீங்க, நிக்காதீங்க என்று கூப்பாடு போட்டார். ஆவுடைநாயகம் அந்த மஞ்சளைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்திருப்பார், வைப்பர் ஒரு கீச்சுப் போடுகிற நேரம்தான். பிறகு பின் கியரைப் போட்டார். என்ஜின் உறுமிற்று, இருமிற்று, அணையப் போவது மாதிரி இழுத்து, மறுபடி பிடித்துக்கொண்டது. இறங்கச் சொன்னவர்கள் அத்தனை பேரும் இப்போது பின்னால் வந்து நின்று, வரட்டும், வரட்டும், வலது பக்கம் ஒடிங்க என்று கத்தினார்கள், அதே தைரியத்தோடு. கார் நனைந்த நாய் மாதிரி மேடேறி நின்றது. கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றிற்று.

அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். சத்தமில்லாமல் இல்லை, சத்தமாகவே. காலையிலிருந்து அழாதவர். வடிவு அவர் முதுகில் கையை வைத்தாள், தடவவில்லை, வைத்துக்கொண்டாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. குடைக்காரர் மட்டும், இன்னும் கொஞ்சம் போயிருந்தா அந்தப் பக்கம் ஏறியிருக்கலாமே அண்ணாச்சி என்று ஆரம்பித்தார், ஆரம்பித்துப் பாலத்தைத் திரும்பிப் பார்த்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். வெள்ளையும் கறுப்பும் அடித்த குத்துக்கல் அங்கே இல்லை. உரச்சாக்குப் போட்டவர் போய் முள்ளை இழுத்துச் சாலைக்குக் குறுக்கே போட்டார்.

பிறகு அவர் மூக்கைச் சிந்திவிட்டு லோசனிக்குப் போன் போட்டார். "தாயி, மாமாவால வர முடியல. கேக்குதா? அம்மாவுக்கு பீரோவுல புதுச்சேல ஒண்ணு இல்லாம இருக்காது. உடுத்தாம வச்சிருப்பா, யாருக்காவது குடுக்கணும்னு வச்சிருப்பா. அதுல ஒண்ண எடு. அதுதான் பொறந்த வீட்டுக் கோடி. நாந் தாரேன்னு வச்சுக்கோ."

"யாரு கையால மாமா போட?"

அவர் வடிவைப் பார்த்தார். என்ன சொல்ல என்று கேட்கிற பார்வை. முப்பத்தைந்து வருஷத்தில் இரண்டு மூன்று தடவை பார்த்திருப்பார் அப்படி. வடிவு போனை வாங்கினாள். "அத்த பேசுதேன். நீயே போடு. மஞ்ச வச்சுப் போடு. எங்க வீட்டுக்கு நீயும் பொறந்தவதான். கேட்டா அத்த சொன்னான்னு சொல்லு." லோசனி அழத் தொடங்கினாள், வைத்துவிடாமல் போனைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தாள் போலிருக்கிறது, பீரோ திறக்கிற சத்தம், யாரோ யாரையோ விலகச் சொல்லுகிற சத்தம், பிறகு பொம்பளைகளின் குரல் ஒன்றாக ஏறியது. பிறகு சங்கு. போனுக்குள் சின்னதாக, ஆனால் சங்குதான். ஆவுடைநாயகம் காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, மழையில், புளியமரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். சங்கு பாதியில் அறுந்தது. சார்ஜ் போயிருக்கும்.

வடிவு இறங்கி நடந்தாள். ஆம்பளைகள் நின்றால் நிற்கட்டும் என்று ஆகிவிட்டது. பனைமரங்களுக்குப் பின்னால் உடைமரப் புதர் ஒன்று இருந்தது. அங்கே போய், கொட்டுகிற மழையில், ஒன்றுக்கு உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மதினி, மதினி என்று அழுதாள். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து வருவதற்குள் ஒரு பொட்டு விடாமல் நனைந்துவிட்டாள். பல் தந்தியடிக்கக் காரில் வந்து உட்கார்ந்தாள். மாற்றிக்கொள்ள ஒன்றும் கொண்டுவரவில்லை, சாவுக்குப் போகிறவள் மாற்றுச் சேலையை அங்கேதானே கேட்டு வாங்குவாள். அவர் பார்த்தார். அவள் சீட்டில் விட்டுப் போயிருந்த பையை எடுத்து, அரக்குச் சேலையை உருவி, மடிப்பை உதறினார்.

"போத்திக்க."

அவள் பின்னால் நகர்ந்தாள். "அய்யோ, வேண்டாங்க. பொணத்துக்குன்னு எடுத்தது."

"ஒனக்குன்னு எடுத்தது," என்றார். "அக்கா ஒனக்குன்னு எடுத்தது."

அவரே அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினார். போர்த்தத் தெரியவில்லை, கரை உள்ளேயும் உள்பக்கம் வெளியேயுமாகப் போயிற்று. புதுச்சேலையின் கஞ்சி வாசம் அடித்தது. மஞ்சள் முனை அவள் கைக்கு வந்தது, நனைந்து, விரலெல்லாம் ஒட்டிற்று. கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அரக்கு எடுக்கத்தான் இல்லை. உடுத்திட்டேன் மதினி என்று வாய்க்குள் சொன்னாள். அவர் காரைத் திருப்பினார். பெல்ட்டைப் போடச் சொல்லி வண்டி மணியடித்தது, சேலைக்கு மேலாகவே இழுத்து மாட்டிக்கொண்டாள்.